வாசகர் கேள்வி பதில்: வார இறுதிக்கு வரும் கூட்டாளிமார்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஆட்கள் வருகிறார்கள், எங்கே கூட்டிப் போவது, என்ன சாப்பிடக் கொடுப்பது, இரண்டு நாளில் எவ்வளவு முடியும். ஒன்று பாலைவனத்திலிருந்தே வந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன், அங்கே திட்டம் பிழையானால் வினை பெரிது.

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த ஊர் அக்கரைப்பற்று. எமிரேட்ஸில், அல் அய்னில் வேலை. ஜனவரியில் ஒரு வெள்ளி மாலை தோஹாவிலிருந்து இரண்டு பேரும் மஸ்கட்டிலிருந்து ஒருவரும் வருகிறார்கள், எல்லாரும் ஒரே வகுப்பு. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்த இன்னொருவன் ஏற்கனவே என் அறையில்தான் இருக்கிறான். பாலைவனத்தில் நடக்க வேண்டும், மலை ஏற வேண்டும், இடமும் பார்க்க வேண்டும் என்று வட்ஸ்அப்பில் ஒரே சத்தம். டுபாய், ஹத்தா, ஜெபல் ஜைஸ் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு சின்னக் கார். எப்படிச் சமாளிப்பது? (வாசகர், அல் அய்ன்)

பதில்: தம்பி, முதலில் அந்தப் பட்டியலை அழியுங்கள். ஜெபல் ஜைஸ் நல்ல மலைதான், எமிரேட்ஸிலேயே உயரமானது, ஆனால் அது ராஸ் அல் கைமாவில் இருக்கிறது, நீங்கள் இருப்பது நாட்டின் மறுபக்கம். ஐந்து பேரைச் சின்னக் காரில் அடைத்து அங்கே போய் வருவதென்றால் ஒரு நாள் முழுக்க நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பார்கள். அல் அய்னைச் சுற்றியே இரண்டு நாளுக்கு வேண்டியது கிடக்கிறது, உள்ளூரில் இருப்பதால் உங்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

சனி விடியவே ஜெபல் ஹஃபீத் அடிவாரம். மலை சுமார் 1,240 மீற்றர். உச்சி வரை வளைந்து வளைந்து தார் வீதி போகிறது, அதில் காரில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் அதை நடை என்று சொல்ல முடியாது. மலையின் கிழக்கு அடிவாரத்தில் சுமார் 5,000 வருஷத்துக்கு முந்திய கல்லறைகள் தேன்கூடு வடிவில் நிற்கின்றன, 1959 இல் டென்மார்க் தொல்லியலாளர்கள் வந்து தோண்டத் தொடங்கிய இடம். அங்கே ஒரு பாலைவனப் பூங்கா இருக்கிறது, டிக்கெட் எடுத்து உள்ளே போய்க் கால்நடையாகச் சுற்றலாம். கல்லும் மணலும் கலந்த தரை, புதுக் காலுக்கு அதுதான் வசதி. ஜனவரியில் அங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் எழும்பும், ஆறுக்கு முன்னரே விழுந்துவிடும். அதனால் "கொஞ்சம் படுத்துவிட்டுப் போவோம்" என்று ஒருவன் இழுத்தாலும் நாளில் பாதி போய்விடும்.

ஜனவரி நடுப்பகல் உங்களைக் கொல்லாது, ஊரில் கச்சான் காற்று அடிக்கும் நாளை விட இதமாகவே இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். நம்முடைய ஊரில் வேர்வை சொட்டும், சட்டை ஒட்டும், உடம்பில் தண்ணி குறைவது தெரியும். பாலைவனக் காற்று காய்ந்தது, வேர்வை தோலிலிருந்து அப்படியே ஆவியாகிவிடும், சட்டை நனையாது, "எனக்கு வேர்க்கவே இல்லை மச்சான்" என்று சொல்லிக்கொண்டே ஆள் வற்றிக்கொண்டு போவான். தாகம் எடுத்தபிறகு குடிப்பது பிந்திய வேலை. அரை நாள் நடைக்கு ஆளுக்குக் குறைந்தது இரண்டு லீற்றர், மதியமும் வெளியில் என்றால் நாலு, அதையும் ஆளாளுக்குத் தன் முதுகில் சுமக்கட்டும். எல்லாப் போத்தலும் ஒருவனுடைய பையில் இருந்தால் அவன் பின்தங்கும்போது தண்ணியும் பின்தங்கும். ஊரிலிருந்து வந்த நண்பனிடம் ஜீவனி பக்கட் (தண்ணியில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, நீளக் கை சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு கிளம்புகிறவனைக் காரிலேயே இருத்திவிடுங்கள்.

அந்த விசிட் விசாக்காரனிடம் கம்பளிச் சட்டை இருக்காது, அக்கரைப்பற்றில் எதற்கு அது? ஜனவரி இரவு வெளியில் பத்துப் பாகைக்குப் பக்கத்தில் இறங்கும், மணல் மேட்டில் காற்றும் சேர்ந்தால் பல் கிட்டும். ஒரு ஜக்கட் இரவல் எடுத்து வையுங்கள்.

மதியத்தை நிழலில் கழியுங்கள். அல் அய்ன் ஒயாசிஸ் உள்ளே போகக் காசு கிடையாது, ஈச்சந்தோட்டத்துக்குள்ளே நிழல் பாதைகள். வாய்க்காலில் ஓடும் தண்ணியைக் கட்டாயம் காட்டுங்கள், ஃபலஜ் என்பார்கள், நிலத்தடியில் வெட்டிய சுரங்க வழியாகத் தண்ணியைக் கொண்டுவந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை நேரம் என்று முறை வைத்துத் திருப்பிவிடுவது. உங்களில் யாராவது வயல் வட்டைக்குத் தண்ணி கட்டிய குடும்பமாக இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். 2011 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது இந்தச் சோலைகளையும் நான் மேலே சொன்ன கல்லறைகளையும் ஒன்றாகத்தான். பக்கத்தில் ஜாஹிலி கோட்டை, 1890களில் கட்டியது. வில்ஃப்ரட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர் 1940களில் பெதுவின் நாடோடிகளோடு ஒட்டகத்தில் வெறும் மணற்காட்டைக் கடந்து எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. பின்னேரம் மணலுக்குப் போகும் முன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் இவர்களுடைய சத்தம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

மணல் மேட்டுக்கு மாலை மூன்றரை, நாலு மணிக்கு. காரைத் தாரை விட்டு இறக்கவே வேண்டாம். பெரிய ஃபோர் வீல் உள்ள நண்பர் வந்தால் அவருக்கும் இரண்டு விதி: மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பது, இரண்டாவது வாகனம் இல்லாமல் போகாதிருப்பது. நடக்கும்போது காற்று வந்து மோதும் பக்கம் மணல் இறுகியிருக்கும், மறுபக்கம் காலை வைத்தால் இரண்டடி ஏறி ஓரடி சரிவீர்கள். முகட்டு வரியைப் பிடித்து நடந்தால் சுகம். காலடித் தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்று நம்பாதீர்கள், காற்று அழித்துவிடும், மேடுகள் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். காரை நிறுத்திய இடத்தை ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள், வராத ஒருவருக்கு அந்தக் குறியை அனுப்பி இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி வையுங்கள். டிக்கட் போட்டு வாகனத்தில் மணலில் குதிக்க ஆசைப்பட்டால் அனுமதி உள்ள ஆட்களோடு போங்கள், ஆனால் பிரியாணி தின்ற வயிற்றோடு மட்டும் வேண்டாம்.

ஞாயிறு? ஒட்டகச் சந்தை, பிறகு ஆறுதலாக ஒரு சாப்பாடு, விமானம். மலைக்குள்ளே உள்ள ஹத்தா அடுத்த முறைக்கு. எப்போது போனாலும் வானம் கறுத்தால் வாதிக்குள்ளே, அதாவது காய்ந்த ஆற்றுப் படுக்கைக்குள்ளே, இறங்கக் கூடாது. மழை மலையில் பெய்யும், உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாது, வெள்ளம் மட்டும் வரும். பாலைவனத்தில் என்ன மழை என்று கேட்கிறவனுக்கு 2024 ஏப்ரல் 16 ஐச் சொல்லுங்கள்: உங்கள் அல் அய்னைச் சேர்ந்த கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வாகனத்தை விட்டால் 2,000 திர்ஹம் தண்டம், வாகனம் 60 நாளுக்குப் போய்விடும், சட்டமே இருக்கிறது.

இன்னும் இரண்டு. தோஹாவிலும் மஸ்கட்டிலும் வதிவிட அட்டை வைத்திருக்கிறோம், அப்படியே வரலாம் என்று உங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே ஈ-விசா வேண்டும், மஸ்கட்காரர் வாகனத்தில் வந்தால் எமிரேட்ஸுக்கும் செல்லுபடியாகும் காப்புறுதி வேண்டும். அடுத்தது உங்கள் அறை. கூட இருப்பவர்களிடம் கேட்காமல் இன்னும் மூன்று பேரை இறக்காதீர்கள். அவர்களில் ஒருவன் விடுமுறை நாளில் மட்டும் தூங்குகிற மனிதனாக இருப்பான். ஒரு ஹோட்டல் அப்பார்ட்மென்ட் எடுத்துச் செலவைப் பிரியுங்கள். பயணத்தை ஜூலை மாதத்துக்குத் தள்ளலாமா என்று யாராவது கேட்டால் ஒரே பதில், வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்குவதையே அந்த நாடு தடுத்திருக்கிறது, சம்பளத்துக்கே கூடாத வெயிலில் சும்மா நடப்பானேன்.

கேள்வி: அண்ணா, என் கணவரோடு கம்பஸில் படித்தவர்கள் இரண்டு குடும்பம் ஓகஸ்டில் கனடாவிலிருந்து வருகிறார்கள். சனி, ஞாயிறு எங்களோடு. பிள்ளைகள் மூன்று பேர், மூத்ததுக்குப் பதினாலு. போன வருஷம் அரிசோனாப் பாலைவனத்தில் நடந்தார்களாம், இங்கேயும் "ஹைக்கிங்" வேண்டுமாம். இவர் பாசிக்குடாவும் அறுகம் குடாவும் குடும்பிமலையும் காட்டப் போகிறேன் என்கிறார். மட்டக்களப்பில் ஏது பாலைவனம்? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: தங்கச்சி, உங்கள் அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஆசையை மட்டும் விரித்திருக்கிறார். பாசிக்குடா வடக்கே, அறுகம் குடா தெற்கே, இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல், அதுவும் கல்முனைச் சனநெரிசலுக்குள்ளால். குடும்பிமலை வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், கிரானால் உள்ளே போக வேண்டும். மூன்றையும் இரண்டு நாளில் காட்டினால் அந்தப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கப்போவது வேனின் ஏசி மட்டும்தான். ஒரு திசையைப் பிடியுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருக்கிறீர்கள், அதனால் தெற்கு.

பாலைவனம் இல்லைதான், ஆனால் மணல் மேடு இருக்கிறது. பொத்துவில் கரையோரமும் பாணமைக் கரையோரமும் உள்ள மணற்குன்றுகளை நம்மவர்களே சரியாகப் பார்த்ததில்லை, அறுகம் குடாவில் றொட்டி தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். சனி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறும் முன் மணலில் நிற்கலாம். ஓகஸ்டில் கச்சான் அடிக்கும், தரைப்பக்கமிருந்து வரும் காய்ந்த காற்று, ஒன்பது மணிக்கே மணல் காலைச் சுடத் தொடங்கிவிடும். பிள்ளைகள் சறுக்கி விளையாடட்டும், ஆனால் அடம்பன் கொடி படர்ந்த பக்கத்தில் வேண்டாம். மேட்டைக் காற்றுக் கொண்டுபோகாமல் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான், திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அங்கிருந்து பாணமை, பிறகு குடும்பிகல. பெயரைப் பார்த்துக் குடும்பிமலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், கன பேர் கூகிள் மப்பில் தடுமாறுகிறார்கள். இது பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் காட்டுக்குள்ளே உள்ள பாறைக்குன்றுகள், பழைய பௌத்தத் துறவிகளின் குகைகள், ஒரு பாறை உச்சியில் தாதுகோபம். மேலே நின்றால் ஒரு பக்கம் குமண காடு, மறுபக்கம் கடல். அரிசோனாக்காரருக்குத் தேவையான ஏற்றம் இதில் கிடைக்கும், பதினாலு வயதுப் பிள்ளையும் ஏறும். இன்றும் பிக்குகள் தியானத்தில் இருக்கும் இடம் என்பதால் முழங்காலும் தோளும் மூடிய உடுப்பு, ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இன்னும் தெற்கே உகந்தை முருகன் கோயில். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குவது அங்கிருந்துதான், காட்டுப் பாதை ஆடிவேல் விழாவை ஒட்டிச் சில நாள்தான் திறப்பார்கள், ஓகஸ்டில் அனேகமாகப் பூட்டியிருக்கும். கோயிலைக் கும்பிட்டு, பக்கத்துப் பாறையில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். காட்டுக்குள் நாலடி போய்ப் பார்ப்போம் என்று கனடாப் பிள்ளைகள் கிளம்பினால் விடாதீர்கள். பாலைப்பழக் காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் நேரம், கரடி அந்தப் பழத்துக்கு மரமேறும். யானையாவது தூரத்தில் தெரியும், கரடி முகத்துக்கு முகம் வந்தபிறகுதான் தெரியும்.

மதியம் அறுகம் குடாவில் நிழல், குளியல், தூக்கம். மாலை யானைப் பாறையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம், கூட்டம் இருக்கும். அன்றிரவு அங்கேயே தங்குங்கள், இரவில் பாணமை வீதியாலும் பொத்துவில் வீதியாலும் பிள்ளைகளோடு வர வேண்டாம், யானை தாருக்கு வரும். அறுகம் குடாவில் ஓகஸ்ட் என்பது அலைச்சறுக்குக்காரர் நிறைந்த காலம், அறையை இப்போதே பிடிக்காவிட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டுத் தலை சுற்றும். ஞாயிறு வரும் வழியில் திருக்கோவில், காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊரைக் கனடாப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வருவது சரியில்லை. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்குவார்கள், அதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள், இரண்டு மணித்தியாலமாகும்.

குடும்பிமலைதான் வேண்டும் என்று உங்கள் அவர் ஒற்றைக்காலில் நின்றால் அது வேறொரு வார இறுதி. 534 மீற்றர், சமவெளிக்குள் தனியாக எழும்பி நிற்பது, சிங்களத்தில் தொப்பிகல. 2007 வரை யுத்தம் நடந்த காடு, அடிவாரத்தில் படையினர் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டு, ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். நடைபாதையை விட்டு விலகக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, சனம் தோணியில் போய்வருகிறது, அந்தக் காலத்தில் பேச்சே வேண்டாம்.

கேள்வி: ஆட்கள் வந்தால் இவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுவார். நான் விடியத் தொடங்கி இரவு வரை குசினிக்குள். நண்டு வேண்டும், இறால் வேண்டும், கணவாய் வேண்டும். திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். வரவேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. (பெயர் வேண்டாம், ஆரையம்பதி)

பதில்: பெயர் வேண்டாம் என்று சொன்னாலும் ஆரையம்பதியில் பாதிப்பேர் தங்கள் வீட்டுக் கதை என்றுதான் நினைக்கப்போகிறார்கள். தங்கச்சி, வரவேண்டாம் என்று சொல்ல வேண்டாம். "நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

அப்போது சாப்பாட்டுக்கு என்ன என்று இவர் கேட்பார். வெள்ளி இரவு மரக்கறிதானே, கடையில் இடியப்பம் வாங்கட்டும், நீங்கள் சொதியும் சம்பலும் மட்டும். விடிய நடக்கப் போகிறவர்களுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது, முதல் நாள் இரவே சுட்டு வைத்த றொட்டியும் கட்டைச் சம்பலும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் போதும், வாழையிலையில் கட்டிக் கையில் கொடுங்கள். ஒரே ஒரு நேரம், சனி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நண்டு. வாவி நண்டைக் கொழும்பார் கண்டால் விடமாட்டார்கள், ஆனால் அதைச் சந்தையில் வாங்கிக் கழுவி உடைத்துத் தருவது இவருடைய பொறுப்பு, நீங்கள் குழம்பு கூட்டுவதோடு சரி. இறாலும் கணவாயும் அன்றைக்கு வேண்டாம், மூன்று கறி வைத்தால் மூன்றும் மிஞ்சும். கடைசியில் எருமைத் தயிரும் பாணியும், அதற்கு அடுப்பே மூட்டத் தேவையில்லை. சட்டி கழுவுவதற்கு வந்த கூட்டாளிமார் இருக்கிறார்களே, சும்மா இருந்து பழைய கதை பேசுகிறவர்கள் கழுவிக்கொண்டும் பேசலாம்.

வந்தவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ஹலால் இறைச்சியாக ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ வாங்கி, அதை முதலே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு மீனை மட்டும் தின்றுவிட்டுப் போவார்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து வரும் நண்பர்களுக்குக் காட்டு யானையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். வீதியோரம் நிற்கும் யானைக்குச் சிலர் பழம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் போகலாமா? (வாசகர், அம்பாறை)

பதில்: வேண்டாம். பழம் கொடுத்துப் பழக்கிய யானை வாகனத்தை மறிக்கப் பழகும், அடுத்த நாள் வாழைக்குலையோடு சைக்கிளில் வரும் வயதான மனிதரையும் மறிக்கும். உங்கள் நண்பர்கள் அப்போது கொழும்பில் இருப்பார்கள்.

உங்கள் ஊரிலேயே இலங்கையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு காட்சி இருக்கும்போது ஏன் வீதியோரம்? இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம், கல்லோயாத் திட்டத்துக்காகக் கட்டிய குளம், சுற்றியுள்ள காட்டை 1954 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அங்கே வனஜீவராசிகள் திணைக்கள ஆட்களோடு படகில் போய் யானை பார்ப்பது. குளத்துக்குள்ளே உள்ள தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போகும், தும்பிக்கை நுனி மட்டும் தண்ணிக்கு மேலே. மார்ச்சிலிருந்து ஜூலை வரை வாய்ப்பு அதிகம். விடியலில் அல்லது பின்னேரத்தில் போங்கள், நடுப்பகலில் திறந்த படகில் குந்தியிருப்பது வெயிலுக்கு நீங்களே காசு கட்டுவது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் கூட வந்தால் அவருக்குக் கட்டணம் பல மடங்கு, வாசலில் நின்று முகம் சுளிக்காமல் முதலே சொல்லி வையுங்கள்.

கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள், கட்டாயம். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளின் படம் உலகம் முழுக்கப் போனது, அது உங்கள் மாவட்டம்தான். வளைகுடாவில் இதே பொலித்தீன் ஒட்டகத்தின் வயிற்றில் கல்லாக இறுகிக் கொல்கிறது.

கேள்வி: மீன் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று நண்பர்கள் வருகிறார்கள். உண்மையிலேயே கேட்குமா, இல்லாவிட்டால் எங்களை ஏமாற்றுக்காரர் என்பார்களா? (வாசகர், கல்லடி)

பதில்: கேட்கும் என்று உறுதி கொடுக்காதீர்கள். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், பூரணையை ஒட்டிய இரவு, கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழே, தோணியில். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு வைப்பது பழைய முறை. 1950களில் இங்கிருந்த யேசு சபைப் பாதிரிமார் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவே செய்திருக்கிறார்கள், இலங்கை வானொலியிலும் போனது, ஆகவே கட்டுக்கதை இல்லை. மீனா சிப்பியா என்று இன்னும் சண்டை. ஆனால் புதுப்பாலத்தில் மோட்டார்சைக்கிள் இரையும்போது மீன் என்ன பாடினாலும் கேட்காது, பதினொரு மணிக்குப் பிறகு போங்கள். கேட்காவிட்டாலும் தோணியில் வாவியைப் பார்த்தது மிச்சம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

கேள்வி: நண்பன் ட்ரோன் கொண்டு வருகிறான். கோட்டையையும் வெளிச்சவீட்டையும் மேலிருந்து எடுக்கலாமா? (மாணவர், மட்டக்களப்பு)

பதில்: சிவில் விமான சேவை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. நகரத்திலேயே விமான நிலையம் இருக்கிறது, ட்ரோன் பெட்டியிலேயே இருக்கட்டும். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்தே வருஷத்தில் ஒல்லாந்தர் பறித்த கோட்டை அது, நடந்தே பாருங்கள். பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் மாலையில் போங்கள், கீழிருந்து எடுத்த படமே நல்லாய் வரும்.

கேள்வி: வேன், டீசல், அறை, டிக்கட் எல்லாவற்றையும் வீட்டுக்காரனே கொடுக்க வேண்டுமா? கேட்டால் சின்னத்தனம் என்பார்களோ என்று பயம். (வாசகர், வாழைச்சேனை)

பதில்: வீட்டுச் சாப்பாடும் படுக்கையும் உங்களுடையது. வேன், அறை, டிக்கட் பிரிக்க வேண்டியது. பிரச்சினை கேட்பதில் இல்லை, எப்போது கேட்பது என்பதில்தான். அவர்கள் வருவதற்கு முன்னரே, "வேன் இவ்வளவு, இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு" என்று குழுவில் போட்டுவிட்டால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். ஞாயிறு இரவு, புகையிரத நிலையத்தில், பையைத் தூக்கும்போது கேட்டால்தான் முகம் மாறும். வெளிநாட்டுக் கூட்டாளி "நானே எல்லாம் கொடுக்கிறேன்" என்றால் ஒரு நேரச் சாப்பாட்டை மட்டும் கொடுக்க விடுங்கள். மற்ற நண்பன் இங்கே மாதச் சம்பளக்காரன், அவன் முன்னால் அது அழகில்லை.

கேள்வி: நாலு பேர் வருகிறோம் என்று சொல்வான், சொல்லாமல் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். ஒவ்வொரு முறையும் இதேதான். (வாசகர், சம்மாந்துறை)

பதில்: வீட்டில் என்றால் இன்னும் இரண்டு பாய் விரியுங்கள், சோற்றில் ஒரு சுண்டு கூடப் போடுங்கள். காட்டுக்கும் மலைக்கும் என்றால் வேனில் சீற் எத்தனை, தண்ணிப் போத்தல் எத்தனை, படகில் இடம் எத்தனை என்று வியாழக்கிழமையே அவனுக்கு எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகும் வந்தால் அந்த இரண்டு பேரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், தேங்காய் துருவ ஆள் வேண்டும்தானே.